சலாபத்து இரவுகள்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் ஓர் இரவுக் கடற்கரை வருகிறது. இந்திர விழா முடிந்தபின் கோவலனும் மாதவியும் கடல் விளையாட்டைக் காண்பதற்காகப் புகாரின் கரைக்குச் செல்கிறார்கள். இருள் இன்னும் விலகாத வேளை. மணற்பரப்பெங்கும் விளக்குகள். அவை யாருடைய விளக்குகள் என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். சாந்தும் மலரும் விற்போர், பொன்வேலை செய்வோர், பிட்டும் அப்பமும் விற்போர், மீன் விற்போர், பண்டசாலைக் காவலர், வேற்றுமொழி பேசும் தேசத்தார் என்று பட்டியல் நீள்கிறது. கலங்களைக் கரைக்கு அழைக்கும் விளக்கும் வலைஞர் படகுகளில் எரியும் விளக்கும் அதில் இடம் பெறுகின்றன.

இது உல்லாசத்திற்காகக் கடற்கரைக்கு வந்த இருவரைப் பற்றிய காட்சி. ஆயினும் அங்கே எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை வேலை செய்துகொண்டிருப்பவர்களுடையவை. பார்க்க வந்தவனுக்கு இரவு ஓய்வு. கரையில் இருப்பவனுக்கு அது தொழில் நேரம். இந்த இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த பார்வை நம் கடற்கரை வரலாற்றில் பிற்காலத்தில் அரிதாகிவிட்டது. இன்றைய கடற்கரை விடுதிகளின் விளம்பரங்களில் இரவுக் கடல் என்றால் ஆளற்ற மணல், அலையோசை, நட்சத்திரங்கள், மங்கிய விளக்கு ஒன்று. அந்த ஆளற்ற இரவு உண்மையில் எப்போதாவது இருந்ததா என்ற கேள்விக்கு நம்மிடம் ஓரளவு விரிவான சான்றுகள் உள்ள இடம், பாண்டிய நாட்டின் முத்துக் கரை.

தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. பகல் சாயும் பொழுது என்பது பலரும் அதற்குக் கொள்ளும் பொருள். யாமம் குறிஞ்சிக்கு உரியது. இரங்கலுக்கு மாலைப்பொழுதே பொருத்தம் என்பது கவிதை மரபின் தேர்வு. முத்துக்குளித்துறையின் தொழில் மரபோ யாமத்தையே தேர்ந்துகொண்டது. அதற்குக் காரணம் காற்று.

கரை எங்கே இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து, அங்குள்ள கடைசி அணைக்கட்டையும் தாண்டி, தாமிரபரணி ஏரல் வழியாகப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில்தான் ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் கிடைத்த மேடு இருக்கிறது. ஆற்றோடு மேலும் கிழக்கே போனால் கொற்கை. சங்கப் பாடல்கள் முத்தோடு சேர்த்தே நினைக்கும் ஊர். கிரேக்கக் கடல் வழிநூலான பெரிப்ளூஸ் இதைக் கொல்கி என்று குறிப்பிட்டு, இது பாண்டியர்க்கு உரியது என்றும், இங்கே முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்றும் சொல்கிறது. இன்று கொற்கையில் நின்றால் கடல் தெரியாது. ஆறு நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிஷப் கால்டுவெல் கொற்கையிலும் பழைய காயலிலும் அகழ்ந்து பார்த்தார். பின்னர் 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியது. கொற்கை விலகியபின் காயல், காயலுக்குப் பின் தூத்துக்குடி என்று துறை இடம்பெயர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்த இந்தக் கரையில் மாறாமல் நீடித்தது தொழிலின் நேர ஒழுங்குதான்.

வடகிழக்குப் பருவம் ஓய்ந்து தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன், பங்குனி சித்திரை மாதங்களில், மன்னார் வளைகுடா அமைதியாகக் கிடக்கும். அந்தச் சில வாரங்களே முத்துக்குளிக்கும் பருவம். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பகலில் நிலம் சூடேறியபின் திசை மாறுகிறது. பாய்மரத்தை நம்பிய காலத்தில் இந்த இரண்டு காற்றுகளே போகவும் வரவும் கிடைத்த வாகனங்கள். முத்துச் சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே தொலாயிரம் பார் பெயர்பெற்றது. இவை கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடக்கின்றன. அவ்வளவு ஆழத்தில் சிப்பியைக் கண்ணால் கண்டு பறிக்க நல்ல வெயில் வேண்டும். ஆகவே சூரியன் எழும்போது படகு பாரின் மேல் நின்றாக வேண்டும். அதற்கு நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டாக வேண்டும்.

இலங்கையின் மேற்குக் கரையில் அரிப்பு என்னும் இடத்தில் நடந்த குளிப்பைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஆங்கிலேயர்கள் இதை விவரித்திருக்கிறார்கள். இரவு பத்து மணி அளவில் கரையில் பீரங்கி ஒன்று முழங்கும். காத்திருக்கும் படகுகள் அனைத்தும் கரைக்காற்றில் பாய் விரிக்கும். விடியுமுன் பாரை அடைந்து, வெயில் ஏறியதும் குளிப்புத் தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழும்வரை தொடரும். படகுகள் திரும்புவது கண்ணில் பட்டதும் மீண்டும் ஒரு பீரங்கி முழங்கும், கொடி ஏறும். கரையில் காத்திருக்கும் முதலாளிகளுக்கு அது அறிவிப்பு. ஒரு படகில் வழக்கமாக ஐந்து குளிகற்கள், பத்துக் குளிப்பவர்கள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மூச்சு வாங்குவார். கயிற்றில் கட்டிய கல்லின் வளையத்தில் காலை நுழைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டியதையெல்லாம் வலைப்பையில் நிரப்பிவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவரின் கவனத்தில் கீழே உள்ளவரின் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் நெருங்கிய உறவினரே கயிறு பிடிப்பது இதனால்தான்.

இந்த இரவுக்கு வேறொரு பயனும் இருந்தது என்பதைப் பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்கோ போலோவின் குறிப்பிலிருந்து அறிகிறோம். குளிப்பவர்களைத் தாக்கக்கூடிய பெருமீன்களை மந்திரத்தால் கட்டிப்போட வணிகர்கள் அந்தணர்களை அமர்த்திக்கொள்வார்களாம். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்கு. போலோ சேர்க்கும் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே. அந்தி சாய்ந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் மீன்கள் தம் விருப்பம்போல் திரியலாம்.

ஏன் அவிழ்க்க வேண்டும்?  என் வாசிப்பில் இது ஒரு பூட்டு. அரசனின் பங்கும் வணிகனின் பங்கும் பகலில் எண்ணப்படுகின்றன. இரவில் யாரேனும் தனியாகப் போய் மூழ்கினால் அந்தச் சிப்பிக்குக் கணக்கு இல்லை. பாருக்கு வேலி போட முடியாது. காவலரை நிறுத்தவும் இயலாது. அச்சத்தை நிறுத்தலாம். பகலில் கூலிக்கு இறங்குபவனுக்குத் தைரியம் தரும் அதே மந்திரம், இரவில் தனக்காக இறங்க நினைப்பவனிடமிருந்து அத்தைரியத்தைப் பறித்துக்கொள்கிறது. கடலின் இரவு இவ்வாறு அரசுடைமை ஆயிற்று.

இந்த மந்திரக்காரர்களைப் பிற்காலத்தில் ‘கடல் கட்டி’ என்று அழைத்தார்கள். அரசுகள் மாறின, மதங்கள் மாறின, பதவி மாறவில்லை. 1859-ல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், தம் காலத்துக் கடல் கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் மதிப்பு சற்றும் குறையவில்லை என்றும் வியப்போடு எழுதுகிறார். பிரிட்டிஷ் நிர்வாகம் மந்திரத்தை நம்பவில்லை. ஆனால் கடல் கட்டி இல்லாவிட்டால் குளிப்பவர்கள் இறங்க மாட்டார்கள் என்பதை நன்றாக அறிந்திருந்தது.

முத்துக்குளிப்புக்குத் தமிழில் வழங்கிய ஒரு சொல் சலாபம். குளிப்பு நடைபெறும் வாரங்களில் கரையில் எழும் முகாமே ஒரு நகரமாகிவிடும். முந்தைய நாள்வரை நண்டுகள் மட்டும் ஓடிய மணலில் ஓலைக் குடில்கள், கடைவீதி, கச்சேரி, மருத்துவக் கொட்டகை, காவல் நிலையம் எல்லாம் ஒருசேர எழும். கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்கள், செட்டியார்கள், பம்பாய் வணிகர்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வரும் அரபு மூழ்காளிகள், இராமநாதபுரம் திருநெல்வேலிச் சீமைகளின் பரதவர்கள், முஸ்லிம் குளியாளிகள் என்று பல்லாயிரம் பேர் கூடுவார்கள். 1889-ல் தூத்துக்குடிக் குளிப்பை நேரில் கண்ட சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மறு ஆண்டே அதைப் பற்றி நூலொன்று வெளியிட்டார்.

படகுகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை ‘கொட்டு’ எனப்படும் வேலியிட்ட இடத்துக்குக் கொண்டு செல்வார்கள். மூன்று குவியல்களாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எந்த இரண்டு என்பதை அரசு அதிகாரி தேர்ந்தெடுப்பார் என்பதால் பிரிப்பவர் ஓரவஞ்சனை செய்ய வழியில்லை. பிறகு மாலையில் ஏலம். ஆயிரம் சிப்பிகள் ஓர் அலகு. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. அந்த இருட்டில் விலை ஏறும், இறங்கும். குளிப்பவரும் தம் பங்கைக் கொட்டின் வாசலிலேயே சில்லறையாக விற்றுவிடுவார். ஓரிரு சிப்பிகளை வாங்கி அதிர்ஷ்டம் பார்க்கும் ஏழைகளின் கூட்டம் அங்கே எப்போதும் நிற்கும்.

வாங்கிய சிப்பிகளை உடனே உடைப்பதில்லை. ஒரு வாரம், பத்து நாள் அழுகவிட்டு, சதை கரைந்தபின் கழுவி முத்தை எடுப்பார்கள். இலட்சக்கணக்கான சிப்பிகள் ஒரே கரையில் அழுகும் நாற்றத்தை முகாமுக்கு வந்த ஒவ்வொருவரும் எழுதாமல் விட்டதில்லை. நாற்றம் பகலிரவு பார்ப்பதில்லை. ஈக்கள் மட்டும் இருட்டியபின் அடங்கும். காலரா வந்தால் முகாம் ஒரே நாளில் கலைந்துவிடும்.

1906-ல் இலங்கையின் மரிச்சுக்கட்டி முகாமில் இளம் அரசு அலுவலராகப் பணியாற்றியவர் லெனர்ட் வுல்ஃப். பின்னாளில் வர்ஜினியா வுல்ஃபின் கணவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் இலங்கையில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டிருந்தன. இந்த அனுபவத்திலிருந்து ‘முத்துகளும் பன்றிகளும்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறுகதை 1921-ல் வெளிவந்தது. அதில் ஓர் அரபு மூழ்காளியின் சாவும், அவனுடைய கூட்டத்தார் அதை எதிர்கொள்ளும் நிதானமும் வருகின்றன. ஏகாதிபத்தியத்தின் மீது ஐயம் கொள்ளத் தொடங்கிய ஒருவரின் கண்கள் அவை. ஆனாலும் அவை கச்சேரிப் பக்கத்திலிருந்து பார்க்கும் கண்களே.

பார்க்கும் இடத்தைக் கல்லிலேயே கட்டிவைத்த ஒருவரும் உண்டு. 1798 முதல் 1805 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் நார்த், முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் தங்குவதற்காக அரிப்பில் கடலோர மேட்டின் மீது கிரேக்கப் பாணியில் மாளிகை ஒன்றைக் கட்டினார். டோரிக் மாளிகை என்று அதற்குப் பெயர். இந்தக் கடற்பரப்பின் முதல் கடற்கரை விடுதி என்று அதைச் சொன்னால் மிகையாகாது. பருவத்துக்கு மட்டும் வந்து தங்கும் விருந்தினர், கடலை நோக்கிய மாடம், கீழே இரவில் பாய் விரித்துப் புறப்படும் படகுகளின் காட்சி. இன்று அது இடிபாடுகளாக நிற்கிறது. கடல் அடியில் இருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. மாடத்தில் இருந்தவர்களின் குறிப்புகள் நூலகங்களில் பத்திரமாக உள்ளன. படகில் இருந்தவர்கள் எழுதவில்லை. அவர்களிடம் அம்பாப் பாடல்கள் இருந்தன. தண்டு வலிக்கும் தாளத்தோடு அவை காற்றில் போயின. கரையின் வாழ்வைக் கரையிலிருந்தே எழுதும் முயற்சி தமிழில் மிகப் பிந்தியே வந்தது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-லும், ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2009-லும் வெளிவந்தன.

எழுதாதவர்களுக்கு உரிமை இல்லாமல் இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. 1530-களில் பரதவர் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவத்தைத் தழுவி, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியதன் பின்னணியில் இருந்தது இந்தப் பார்கள் யாருக்கு என்ற பிணக்கே. பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தது 1542-ல். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் உரிமைகள் ‘கல்’ கணக்கில் பேசப்பட்டன. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவர் சாதித் தலைவருக்கு இத்தனை கல். ஒரு கல் என்றால் ஒரு குளிகல்லும் அதில் இறங்குபவர்களின் ஒரு பருவ உழைப்பும். கடலின் மீதான உரிமையை நிலத்தைப் போல் எல்லைக்கல் நட்டு அளக்காமல், கடலில் இறங்கும் கல்லை வைத்தே அளந்திருக்கிறார்கள். அந்த அளவையில் அநீதி உண்டு. ஆனால் உழைப்பை மறைக்க வழியில்லை.

இலங்கையில் 1906-ல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனியிடம் போயின. அடுத்த ஆண்டுக்குப் பின் சிப்பிகள் பொய்த்துப்போக, கம்பெனி காலத்துக்கு முன்பே கலைந்தது. தூத்துக்குடியில் கடைசித் தொடர் 1955-ல் தொடங்கி 1961-ல் முடிந்தது. அதன்பின் இப்பார்களில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இறங்குகிறார்கள். ஊர் மட்டும் முத்துநகர் என்ற பெயரை வைத்துக்கொண்டது. முத்தின் பேரால் இன்று இரவில் ஊரைவிட்டுப் புறப்படுவது சென்னை செல்லும் முத்துநகர் விரைவு வண்டி.

ஆனால் இரவுக் கடல் யாருக்கு என்ற கேள்வி 1961-ல் முடிந்துவிடவில்லை. விசைப்படகுகள் பெருகி, நாட்டுப்படகு மீனவர்களோடு மோதல் முற்றிய பிறகு, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதையொட்டிய விதிகள், விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் பின்னரே கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று வகுத்தன. இடையிலுள்ள இருள் சிறிய வள்ளங்களுக்கு. இதை எதிர்த்துத் தங்கு கடல் உரிமை கேட்டு விசைப்படகுக்காரர்கள் போராடியதும், வள்ளக்காரர்கள் மறுத்து நின்றதும் தூத்துக்குடியின் அண்மைக்கால வரலாறு. போலோ கண்ட பூட்டு அரசனுக்காகப் போடப்பட்டது. இந்த விதி எளிய படகுக்காரனுக்காக இரவைத் திறந்துவைக்கப் பார்த்தது. எந்த அளவு நிறைவேறியது என்பது வேறு. அப்படி ஒரு எண்ணம் சட்டமானதே இக்கரையின் நெடிய வரலாற்றில் புதிது.

கரையிலோ போக்கு வேறு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. மணற்பரப்பில் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களையும் அனுமதித்தது. தற்காலிகக் குடில்கள் இக்கரைக்குப் புதியவை அல்ல. சலாபத்தில் எழுந்ததும் அவைதாம். அந்தக் குடில்களில் படுத்தவன் பீரங்கிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தான். இனி வரும் குடில்களில் தங்குபவர் சத்தமற்ற இரவுக்காகப் பணம் தருவார். அந்த அமைதிக்காக, வலை உலர்த்தும் மணலிலிருந்தும் வள்ளம் ஏற்றும் துறையிலிருந்தும் யாரை விலகச் சொல்லப்போகிறோம் என்பதே நாம் கேட்க வேண்டியது.

கடற்கரையில் இரவு தங்கப் போகிறவர்கள் அறையின் விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கிழக்கே பார்க்கலாம். சிறு விளக்குகள் சில தெரியும். புகாரின் கரையில் நின்று இளங்கோவடிகள் செய்ததைப் போல, அவை யாருடையவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது, அக்கரைக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.